சொசைட்டிக்கு ஊற்றும் முன் அரை லிட்டர்

அன்புள்ள வீட்டாருக்கு,

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், கச்சிராயபாளையம், மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் வரை எங்கிருந்தாலும் சரி, உடல் எடை குறைய வயிற்றில் அறுவை செய்துகொண்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். அறுவை செய்துகொண்டவருக்கு மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அவர் தட்டில் என்ன விழ வேண்டும், அவர் டம்ளரில் என்ன ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்கிற உங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். அதனால் மாமியாருக்கும் அம்மாவுக்கும் கணவருக்கும், விடிகாலையில் பால் கறந்து கேனைத் தூக்கிக்கொண்டு பால் கூட்டுறவு சொசைட்டிக்கு நடக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நானும் அந்த அறுவை செய்துகொண்டவள்தான். சில ஆண்டுகள் ஆகின்றன. கல்யாண வீட்டிலும் துணிக்கடையிலும் கன்னம் ஒட்டிப்போன ஒருத்தி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, "அக்கா, நீங்களும் அந்த ஆபரேஷன்தானே?" என்று கேட்பாள். என்னம்மா சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பேச்சு பாலில் வந்து நிற்கும். "பால், தயிர் எதுவுமே கூடாதுன்னுட்டாங்க, மறுபடி வெயிட் போட்டுடுமாம்" என்பாள் ஒருத்தி. "தெம்பு வேணும்னு சொல்லி வேளைக்கு ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பாலைக் கையில திணிக்கிறாங்க, குடிச்சதும் படபடன்னு வருது" என்பாள் இன்னொருத்தி. இரண்டு பேர் வீட்டிலும் அவள்மேல் பாசம் உண்டு. இரண்டு பேருமே அந்தப் பாசத்தால்தான் வாடுகிறார்கள்.

முதலில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். "வாயைக் கட்டியிருந்தா இந்த ஆபரேஷனே வேணாமே" என்று ஊரார் சொல்வது இருக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். உடல்பருமனை ஒரு நோயாகத்தான் மருத்துவம் பார்க்கிறது. இந்த அறுவையைச் செய்கிற மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் 2022இல் சேர்ந்து ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீடு 27.5ஐ எட்டினாலே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்று அதில் இருக்கிறது. நம் உடம்பில் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதுதான் அதற்குக் காரணம். ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ செய்துகொண்டது வைத்தியம். அறுவைக்கூடத்தில் அது ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். மிச்ச வைத்தியம் ஆயுளுக்கும் உங்கள் அடுப்படியில் நடக்கிறது.

உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்தால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஸ்லீவ் என்ற அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய், தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். பைபாஸ் என்றால் இன்னும் சிறியது, சுமார் 30 மில்லி கொள்கிற பை. அதோடு சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடும். இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் உடம்பு பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்வது அந்த முதல் பகுதியில்தான். நம் வீட்டு டம்ளர் ஒன்று நிறையப் பால் என்பது அவருக்கு இப்போது ஒரு முழுச் சாப்பாட்டுக்கும் அதிகம். ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் நெஞ்சை அடைக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் எதை வைப்பது என்பதுதான் முழுக் கேள்வியும்.

அந்த இடத்தை முதலில் புரதத்துக்குக் கொடுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது போகவில்லையென்றால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். எடை மெஷினில் எண் இறங்குவதைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள், அவரோ மாடிப்படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொத்துக் கொத்தாக முடி கொட்டும். வேகமாக எடை குறைகிற உடம்பில் ஓரளவு முடி உதிர்வது இயல்புதான், பிறகு முளைத்துவிடும். புரதமும் இரும்பும் குறைந்தால் உதிர்வது கூடும். அதைப் பார்த்துவிட்டு "பால் ஒத்துக்கல, அதான் முடி கொட்டுது" என்று பாலை நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும். எதைக் கூட்ட வேண்டுமோ அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

60 கிராம் நம் சாப்பாட்டில் எங்கிருந்து வரும்? கொடுக்கிற தட்டு சின்னது. ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பு, மீன், கோழி, கொண்டைக்கடலை எல்லாம் இருக்கின்றன, ஆனால் அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் மெல்லுகிற பொருள் எதுவும் இறங்காது. அப்போது கைகொடுப்பது பாலும் மோரும் தயிரும்தான். அரை லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 16 கிராம் புரதமும் 600 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. அறுவை செய்துகொண்டவருக்கு ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை கால்சியம் தேவை. அதாவது புரதத்தில் கால் பங்குக்கு மேலேயும் கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும் இந்த அரை லிட்டரிலேயே கிடைத்துவிடுகிறது. மிச்சக் கால்சியத்துக்குத்தான் மாத்திரை. அதுவும் போகாவிட்டால் ரத்தத்தில் குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதல் வருடத்தில் அது வெளியே தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்துக் கிணற்றடியில் வழுக்கி விழும்போது தெரியும்.

"பால் குடித்தால் எடை போடும்" என்ற உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதில் உண்மை இருக்கிறது. சோறு, கறி என்றால் சின்ன வயிறு தடுத்து நிறுத்தும். இனிப்பான நீராகாரம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், பசியையும் ஆற்றாது. பாதாம் பால், ரோஸ் மில்க், பால்கோவா, பாயசம், ஐஸ்கிரீம், பஸ் ஸ்டாண்டில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுக்கிற டீ என்று நாள் முழுக்கச் சிறுகச் சிறுக உள்ளே போய்க்கொண்டிருந்தால் எந்த அறுவையும் தோற்றுப்போகும். குறைந்த எடை திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய வழி. ஆனால் இதில் குற்றவாளி சர்க்கரை, பால் இல்லை.

நம்முடையது கரும்பு விளைகிற மண். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வந்தவருக்குச் சர்க்கரை குறைவாகக் காபி கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற கைகள் நம் கைகள். அறுவை செய்துகொண்டவருக்கு, அதிலும் பைபாஸ் ஆனவருக்கு, அந்த மரியாதை பெரிய அவஸ்தை. சர்க்கரை ஒரேயடியாகச் சிறுகுடலுக்குள் இறங்கும்போது அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு முறுக்கும், பேதி போகும். சிலருக்கு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிக் கண் இருட்டும். "வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், நாட்டுச் சர்க்கரை போடலாம், கல்வராயன் மலைத்தேன் சுத்தமானது, கருப்பட்டி நல்லது" என்று சொல்லாதீர்கள். அந்தச் சின்ன வயிற்றுக்கு எல்லாம் ஒன்றுதான். சத்துப் பானம் என்று டப்பாவில் விற்கிற பொடிகளிலும் பலவற்றில் சர்க்கரை சேர்த்திருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாலைச் சர்க்கரையிலிருந்து பிரித்துவிட்டால் உங்கள் அடுப்படியிலேயே எல்லாம் இருக்கிறது. எனக்கு வந்த உணவுப் பட்டியலில் 'கிரீக் யோகர்ட்' என்று எழுதியிருந்தது. அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் விழித்தார்கள். புளிக்காத தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடிந்து கெட்டியாக நிற்பது கிட்டத்தட்ட அதுதான். ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கிண்ணத் தயிரின் புரதம் அடங்கிவிடும். பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிட்டால் கொழுப்பு கணிசமாகக் குறையும், புரதமும் கால்சியமும் பாலிலேயே இருக்கும். பாக்கெட் பால் வாங்குகிறவர்கள் ஆவினில் 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சுப் பாக்கெட்டை விட்டுவிட்டு, 3 விழுக்காடு உள்ள நீலப் பாக்கெட்டை எடுங்கள். வெண்ணெய் கடைந்து எடுத்த மோர் இருக்கிறதே, அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கொழுப்பு போய்விட்டது, சத்து நிற்கிறது. ஆனால் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றின நீர்மோரைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது தாகத்துக்கு மட்டும்.

பன்னீர் என்றால் ஹோட்டல் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். காய்ச்சின பாலில் எலுமிச்சை பிழிந்து திரியவைத்து வடிகட்டினால் பன்னீர். 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் புரதம். மெல்லுகிற கட்டத்துக்கு வந்தவருக்கு உப்பும் மிளகும் தூவி இரண்டு மூன்று துண்டு கொடுக்கலாம். எண்ணெயில் பொரித்துக் கொடுக்காதீர்கள். தயிர்சாதம் கேட்டால் தயிரை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், சோறு பிறகு. சோற்றோடு மோரைக் கரைத்து மடக் மடக்கென்று குடிக்கவிடாதீர்கள். சாப்பாட்டுக்கும் குடிப்பதற்கும் இடையே அரை மணி வேண்டும்.

சிலருக்குப் பால் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரையைச் செரிக்கிற நொதி, பெரியவர்களான பிறகு நம் தென்னாட்டு மக்களில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடுகிறது. அறுவைக்கு முன்பு சமாளித்துக்கொண்டிருந்த குடல், பைபாஸுக்குப் பிறகு காட்டிக்கொடுத்துவிடும். பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வயிறு கடமுடவென்று உருட்டும், உப்பும், பேதியாகும். அப்படி ஆனால் பால் வகை அத்தனைக்கும் தடை போட்டுவிடாதீர்கள். வெறும் பாலை நிறுத்திவிட்டுத் தயிருக்கு வாருங்கள். தயிராகும்போதே லாக்டோஸ் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, துணியில் வடிகட்டினால் தண்ணீரோடு இன்னொரு பங்கு போய்விடுகிறது. இரண்டு கரண்டியில் தொடங்கிப் பாருங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் முட்டை, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி, பருப்பு, சோயா, கேழ்வரகு, கால்சியம் சிட்ரேட் மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டு மாற்று வழி போங்கள். பால் குடித்து உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கினால் அது ஒவ்வாமை, அங்கே சோதனைக்கே இடமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதக் கணக்கே வேறு. அவருடைய மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். எதைக் கொடுத்தாலும் வாந்தி, இரண்டு மூன்று நாளாக நிற்கவில்லை என்றால், "பால் சேரலை" என்று சொல்லிக் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். தொடர்ந்து வாந்தி எடுக்கிற இந்த உடம்பில் வைட்டமின் பி1 வேகமாகத் தீர்ந்துவிடும். கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். அது மூளையைத் தாக்கி நிரந்தரமாக முடக்கிவிடக் கூடியது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்ற ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே, "இது எடைக்குறைப்பு அறுவை ஆன உடம்பு, பி1 கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்" என்று சொல்லுங்கள். அறுவை விவரம் எழுதின சீட்டை வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

மாத்திரையையும் பாலையும் ஒன்றாகக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடோ டீயோடோ கொடுத்தால் அந்த மாத்திரை பாதி வீண். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்புச் சத்து குறைவது இந்த அறுவைக்குப் பிறகு மிகச் சாதாரணம். பி12 மாத்திரையோ ஊசியோ ஆயுளுக்கும் உண்டு. "எடைதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை" என்று கேட்காதீர்கள்.

மலைமேல் இருக்கிற வீட்டாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்வராயன் மலையில் பல ஊர்களுக்குத் தினமும் பாக்கெட் பால் வராது என்பது தெரியும். மாடு இருந்தால் கறந்ததை நன்றாகக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள், பச்சைப் பாலில் காய்ச்சல் கிருமிகள் இருக்கலாம். மாடு இல்லையென்றால், கீழே இறங்கும்போது கொழுப்பு நீக்கிய பால்பவுடர் வாங்கி வையுங்கள். மூன்று மேசைக்கரண்டி, அதாவது 25 கிராம் பவுடரில் சுமார் 9 கிராம் புரதமும் 300 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. டீக்கு வாங்குகிற 'டெய்ரி ஒயிட்னர்' வேறு, அதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், அது வேண்டாம். உங்கள் கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. நெகிழக் காய்ச்சின கூழில் மோரையோ இந்தப் பவுடரையோ கலந்து, உப்புப் போட்டு, கால் டம்ளர் கால் டம்ளராகக் கொடுங்கள். சாமைச் சோறு நல்லதுதான், ஆனால் தட்டில் தயிருக்கும் பருப்புக்கும் பிறகுதான் அதற்கு இடம்.

இனி, என் மனதை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் மாட்டுக்குப் புல் அறுப்பவள் பெண், சாணி அள்ளுபவள் பெண், நாலரை மணிக்கு எழுந்து மடியைக் கழுவிக் கறப்பவளும் பெண். கறந்த பால் அப்படியே கேனில் சொசைட்டிக்குப் போகிறது. அவளுக்கு மிஞ்சுவது காபித்தண்ணி. பால் பணம் வந்தால்தான் குழுக் கடன் தவணை, பிள்ளை பள்ளிக்கூட வேன் பணம், மாட்டுத் தீவனம் எல்லாம் நடக்கும். வீட்டின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து, நகை வைத்து, வெளியூர் போய் அறுவை செய்து கூட்டி வந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் வீட்டில் கறக்கிற பாலில் அவளுக்கு ஒரு பங்கு இல்லையென்றால் அந்தச் செலவு எதற்காக? பசும்பாலுக்குச் சொசைட்டி கொடுத்த விலை லிட்டருக்கு 35 ரூபாய், 2023 டிசம்பரில் வந்த ஊக்கத்தொகை 3 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் அரை லிட்டரின் மதிப்பு 19 ரூபாய். அவள் எலும்புக்கும் தசைக்கும் வீடு ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

மாடு இல்லாத வீட்டிலும் கதை வேறு இல்லை. வாங்குகிற ஒரு லிட்டரில் பிள்ளைகளுக்கு, மாமனாருக்கு, வந்துபோகிறவர் டீக்கு என்று போனபின் அடிப்பாத்திரத்தில் ஒட்டியிருப்பதுதான் அவளுக்கு. அவளாகக் கேட்க மாட்டாள். ஏற்கெனவே வீட்டுக்குச் செலவு வைத்துவிட்டோம் என்று கூசிப்போய் இருப்பாள். "எனக்கு ஒண்ணும் வேணாம், பசியே இல்ல" என்பாள். அறுவைக்குப் பிறகு முதல் மாதங்களில் பசி மெய்யாகவே இருக்காது, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். நாளைக் காலையில் கேனில் ஊற்றுவதற்கு முன், இல்லை அடுப்பில் டீக்குப் பால் வைப்பதற்கு முன், அரை லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் அது யாருடையது என்று சொல்லிவிடுங்கள். பாதியை உறை ஊற்றுங்கள். மிச்சத்தைக் காய்ச்சி ஆடை எடுத்து, சர்க்கரை போடாமல், அவருக்கு இறங்குகிற அளவில் பொழுதுக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள். பட்டியலை எழுதிக் கொடுத்த மருத்துவமனைக்கு அடுத்த முறை போகும்போது அவரைத் தனியாக அனுப்பாமல் சமைக்கிறவரும் கூடப் போங்கள். தமிழில், டம்ளர் கணக்கிலும் கரண்டிக் கணக்கிலும் எழுதித் தரச் சொல்லி விடாமல் கேளுங்கள். முதல் வருடத்தில் மருத்துவர் சொன்ன இடைவெளியிலும், அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள். சென்னைக்கோ கோவைக்கோ ஒவ்வொரு முறையும் பஸ் ஏற முடியாது என்றால், 2022இல் திறந்த நம் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில் எவையெல்லாம் பார்ப்பார்கள் என்று ஒரு நடை போய் விசாரியுங்கள்.

அண்ணன்மார்களே, உங்களுக்கு இன்னும் ஒன்று. சொசைட்டியில் அரை லிட்டர் குறைந்ததற்குக் காரணம் யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்கு வேணும்" என்று நீங்களே சொல்லுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ச் சகோதரி
கள்ளக்குறிச்சி